காலை 4:40 மணிக்குக் குயில், ஜன்னலில் காக்கைச் சோறு: வெளிநாட்டில் இவற்றோடு எப்படிக் குடித்தனம் நடத்துகிறீர்கள்?

பூவரசு (பொங்கோல், சிங்கப்பூர்)

எல்லோருக்கும் வணக்கம். சிங்கப்பூருக்கு வந்து ஒன்பது மாதம் ஆகிறது. நாலாவது மாடியில் வீவக (அரசு வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) வீடு, வாடகைக்கு. கிளம்பும்போது ஊரில் எல்லோரும் சொன்னது, "அங்கே ஈ, கொசுகூட இருக்காது." கொசு உண்மையிலேயே குறைவுதான். மற்றதெல்லாம் இருக்கிறது.

முதலில் குயில். தினமும் காலை 4:40. மெதுவாகத் தொடங்கி, ஒவ்வொரு கூவலுக்கும் சுருதியை ஏற்றிக்கொண்டே போய், உச்சியில் சட்டென்று நிறுத்திவிடும். அப்பாடா என்று கண்ணை மூடினால் மறுபடி முதலிலிருந்து. சின்ன வயதில் குயிலுக்கு எதிர்க்கூவல் கொடுத்து விளையாடிய ஆள் நான். இப்போது தலையணையால் காதைப் பொத்திக்கொண்டு படுத்திருக்கிறேன்.

அப்புறம், மாலையில் நடக்கப் போகும் நீரோடைப் பாதையில் ஓர் உடும்பு. என் உயரத்துக்கு நீளம் இருக்கும். நான் அப்படியே நின்றுவிட்டேன். அது என்னை ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்ளாமல் பாதையைக் கடந்து புல்லுக்குள் போயிற்று. அதிலிருந்து அந்தப் பக்கம் போகவே கால் கூசுகிறது.

இவை இரண்டும் சின்ன விஷயம். பெரிய சிக்கல் வீட்டுக்குள். அம்மா மூன்று மாதமாக எங்களோடு இருக்கிறார். தினமும் சமைத்ததும் முதல் பிடி காக்கைக்கு. சமையலறை ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு "கா கா" என்று கூப்பிடுவார். முதல் வாரம் ஒன்றும் வரவில்லை, அம்மாவுக்கு வருத்தம். இரண்டாவது வாரம் இரண்டு காகம். இப்போது காகம், புறா, மைனா எல்லாம் சேர்ந்து பந்தியே நடக்கிறது. கீழ்வீட்டு ஆன்ட்டி கம்பில் காயப்போட்ட துணியில் எச்சம். அவர் மேலே வந்து சிரித்த முகத்தோடுதான் சொன்னார். அடுத்த வாரமே மின்தூக்கி பக்கத்தில் "பறவைகளுக்கு உணவு போடாதீர்கள்" என்று ஓர் அறிவிப்பு ஒட்டியிருந்தது. அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

உங்கள் அனுபவங்களைச் சொல்லுங்கள். வேறு நாட்டில் இருப்பவர்களும் எழுதலாம்.

---

சுண்டைக்காய்

குயிலுக்கு: பஞ்சு. உடும்புக்கு: வழி. அம்மாவுக்கு: என்னிடம் பதில் இல்லை.

---

பழையமீசை (சிங்கப்பூர், 22 வருடம்)

பூவரசு, உங்கள் மூன்று பிரச்சினையில் இரண்டு ஒன்றேதான். குயிலும் காக்கைச் சோறும்.

குயில் கூடு கட்டாது, காக்கைக் கூட்டில் முட்டையிடும் என்பது நமக்கெல்லாம் தெரிந்த கதை. இங்கே முன்பு குயில் பெரும்பாலும் வலசை வந்து போகிற பறவையாகத்தான் இருந்தது. ஊருக்குள் காகம் பெருகியது, முட்டையிட இலவசக் கூடு கிடைத்தது, அதுவும் இங்கேயே தங்கிக் குஞ்சு பொரிக்க ஆரம்பித்துவிட்டது. காகம் எங்கே நிறைய இருக்கிறதோ அங்கே குயிலும் இருக்கும். காகம் எங்கே நிறைய இருக்கும்? சோறு கிடைக்கிற இடத்தில். இதற்கு மேல் நான் சொல்லவில்லை, அம்மா படித்துவிடப் போகிறார்.

உங்களை எழுப்புவது ஆண் குயில். கரிய உடம்பு, சிவந்த கண். பெண் பழுப்பு நிறத்தில் வெள்ளைப் புள்ளிகளோடு இருக்கும், அதன் குரல் "கிக் கிக் கிக்" என்று வெடுக்கென்று வரும். குயில் போன்ற குரல் என்று பெண்களைப் பாராட்டுகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

உடும்பு பற்றி: நீங்கள் பார்த்தது நீர் உடும்பு. நன்றாக வளர்ந்தால் 2 மீட்டர் தாண்டும், இன்னும் பெரிதாகவும் ஆகும். மீன், நண்டு, எலி, செத்தது கிடந்தால் அதுவும் தின்னும். மனிதரைத் தேடி வராது. வழியை மறிக்காதீர்கள், படம் எடுக்க முகத்துக்குப் பக்கத்தில் கைபேசியை நீட்டாதீர்கள், அவ்வளவுதான். மூலையில் மாட்டிக்கொண்டால் வாலால் அடிக்கும், கடிக்கும். நாய் வளர்க்கிறவர்கள் கயிற்றைக் கையில் சுற்றிப் பிடித்துக்கொள்ளுங்கள். நான் பார்த்த உடும்புத் தகராறுகள் எல்லாமே நாய் தொடங்கியவை.

---

கடைசிப்பேருந்து (புக்கிட் பாஞ்சாங், சிங்கப்பூர்)

அறிவிப்பு ஒட்டியதோடு விட்டார்களே என்று சந்தோஷப்படுங்கள். 2020 ஜூன் முதல் இங்கே காட்டுயிர்ச் சட்டம் கடுமையாகிவிட்டது. காட்டு விலங்குக்கோ பறவைக்கோ உணவு கொடுத்தால் முதல் தடவை 5,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை அபராதம். மறுபடி மாட்டினால் 10,000 வரை. புறாவுக்குப் போட்டாலும் இதே கதைதான்.

எனக்கு இந்தச் சட்டத்தின் மேல் மரியாதை வந்தது ஒரு குரங்கால். எங்கள் வீட்டுப் பக்கம் நீண்டவால் குரங்குகள் உண்டு. வந்த புதிதில் ரொட்டியும் வாழைப்பழமும் வாங்கிக்கொண்டு பிளாஸ்டிக் பையைக் கையில் ஆட்டியபடி காட்டோரப் பாதையில் நடந்தேன். ஒரு குரங்கு நேராக வந்து பையைப் பிடித்தது. நானும் பிடித்தேன். ஊரில் குரங்குக்குப் பயந்த பரம்பரை இல்லையே நாம்! அது பல்லைக் காட்டியது. சிரிக்கிறது என்று நினைத்து நானும் பல்லைக் காட்டினேன். அது சிரிப்பு இல்லை என்று அடுத்த நொடியில் தெரிந்தது. பை கிழிந்தது, பழம் போனது, ரொட்டி வடிகாலில் விழுந்தது. கடி படாமல் தப்பித்ததே பெரிய விஷயம்.

பிறகுதான் ஒரு வழிகாட்டி விளக்கினார். கண்ணை நேராகப் பார்ப்பதும் பல்லைக் காட்டுவதும் அவற்றுக்குச் சண்டைக்கு அழைப்பு. பிளாஸ்டிக் பை சரசரத்தால் உள்ளே சாப்பாடு என்று கற்று வைத்திருக்கின்றன. அதைக் கற்றுக்கொடுத்தது யார்? காரை நிறுத்திக் கடலை போட்ட புண்ணியவான்கள்தான். குரங்கு வழியில் வந்தால் நின்று, பையை முன்பக்கம் அணைத்துக்கொண்டு, கண்ணைத் தாழ்த்தி, மெதுவாகப் பின்வாங்க வேண்டும். ஓடக் கூடாது. இப்போது முதுகுப்பை இல்லாமல் நான் வெளியே போவதில்லை.

---

ஆலமரத்தடி (சிங்கப்பூர்)

குரங்கும் காகமும் ஒன்றா? காகம் நமக்கு முன்னோர். அமாவாசைக்கு அது வந்து சோறெடுக்காவிட்டால் அம்மா அன்று சாப்பிட மாட்டார்கள். ஒரு பிடி சோற்றுக்கு 5,000 வெள்ளி என்பதெல்லாம் அதிகம். போகிற இடமெல்லாம் நம் வழக்கத்தை விட்டுக்கொண்டே போனால் கடைசியில் கையில் என்ன மிஞ்சும்?

---

கடைசிப்பேருந்து

> ஒரு பிடி சோற்றுக்கு 5,000 வெள்ளி என்பதெல்லாம் அதிகம்.

ஒரு பிடி என்று நீங்கள் சொல்கிறீர்கள். அந்த புளோக்கில் 100 வீடு இருந்தால் 100 பிடி. கீழ்வீட்டு ஆன்ட்டி துணியைத் திரும்பத் துவைக்கிறார், அவருடைய முன்னோர் என்ன பாவம் செய்தார்கள்?

---

பழையமீசை

சண்டை வேண்டாம். ஆலமரத்தடிக்கு ஒரு கதை சொல்கிறேன், பிடிக்கும் என்று நினைக்கிறேன்.

இங்கே நாம் பார்க்கிற சாம்பல் கழுத்துக் காகம் இந்த மண்ணின் பறவை கிடையாது. 1890களில் மலாயாவின் கிள்ளான் பக்கம் காப்பித் தோட்டங்களில் கம்பளிப்பூச்சித் தொல்லை. பூச்சியைத் தின்னட்டும் என்று இலங்கையிலிருந்து காகங்களைக் கப்பலில் கொண்டுவந்து விட்டார்கள். காப்பித் தோட்டம் போய் ரப்பர் வந்தது, காகம் மட்டும் போகவே இல்லை. தீபகற்பத்தின் கரையோரமாகப் பரவி இங்கேயும் வந்து சேர்ந்தது. இந்த மண்ணுக்கே உரிய காகம் அண்டங்காக்கை. அது காட்டோரம், கடலோரம் இருக்கும், குப்பைத்தொட்டிப் பக்கம் அதிகம் வராது.

ஓணானும் அப்படித்தான். ஊரில் கல்லால் அடித்து விரட்டிய அதே ஓணான் 1980களில் வடக்கிலிருந்து இங்கே நுழைந்தது. இங்கிருந்த பச்சை ஓணான், கிளி நிறத்தில் அவ்வளவு அழகாக இருக்கும், திறந்தவெளிகளை இதனிடம் விட்டுவிட்டுக் காட்டுக்குள் ஒதுங்கிவிட்டது. உணவங்காடியில் உங்கள் தட்டில் வந்து உட்காரும் மைனாவும் ஜாவாவிலிருந்து கூண்டுப் பறவையாக வந்தது. நம்மூர் மைனாவை இன்று தேடித்தான் பார்க்க வேண்டும்.

---

சுண்டைக்காய்

ஆக காகமும் வேலைக்கு வந்து இங்கேயே தங்கிவிட்ட ஆள்தான். நிரந்தரவாசம் எப்போது கிடைத்ததாம்?

---

கம்பாலாவாசி (கம்பாலா, உகாண்டா)

உங்கள் காகமெல்லாம் எங்கள் ஊர்ப் பறவைக்கு முன்னால் குழந்தை. மராபு நாரை. நின்றால் 1.5 மீட்டர் வரை உயரம், வழுக்கைத் தலை, கழுத்தில் தொங்கும் சதைப்பை. நகரத்தின் நடுவில் விளக்குக் கம்பத்திலும் மரத்திலும் கூட்டமாக உட்கார்ந்திருக்கும். குப்பைமேட்டில் நிற்பதைப் பார்த்தால் கோட்டுப் போட்ட அமீனா ஜப்திக்கு வந்து நிற்பதுபோல இருக்கும். கால் வெள்ளையாகத் தெரியும், அது இயற்கை நிறம் இல்லை. வெயிலுக்குக் குளிர்ச்சியாகத் தன் காலிலேயே எச்சமிட்டுக்கொள்ளும். மரத்தடியில் காரை நிறுத்தாதே, இதுதான் இங்கே எனக்குக் கிடைத்த முதல் அறிவுரை.

ஆனால் நான் எழுத வந்தது வேறு. பெரிய விலங்கைப் பற்றித்தான் எல்லோரும் பயப்படுகிறோம். ஆப்பிரிக்காவுக்கு வருகிறவர்கள் பயப்பட வேண்டியது ஈக்கு. இங்கே மாம்பழ ஈ என்று ஒன்று உண்டு. வெளியே காயும் ஈரத்துணியில் முட்டையிடும். அந்தத் துணியை அப்படியே உடுத்தினால் முட்டையிலிருந்து வரும் புழு தோலுக்குள் புகுந்து கொப்புளம் மாதிரி வீங்கும். வீக்கத்தின் நடுவில் ஒரு சின்னத் துளை. அதன் வழியாக அது மூச்சு விடுகிறது!

வீட்டில் வேலை செய்யும் அக்கா என் உள்ளாடைக்குக்கூட இஸ்திரி போட்டு மடித்து வைத்ததைப் பார்த்து முதலில் கூச்சமாக இருந்தது. "இதற்கெல்லாம் வேண்டாம் அக்கா" என்று பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டேன். மூன்றாவது வாரம் இடுப்பில் இரண்டு கொப்புளம். அக்கா பார்த்தார், சிரிக்கவில்லை, வாசலினைக் கெட்டியாக அப்பினார். மூச்சுத் துளை அடைபட்டதும் புழு தலையை வெளியே நீட்டியது, இரண்டு பக்கமும் அழுத்தி எடுத்துவிட்டார். வலியைவிட அதைப் பார்த்ததுதான் மறக்கவில்லை. அன்றிலிருந்து கைக்குட்டைக்கும் இஸ்திரி. நல்ல சூடாக, தையல் மடிப்பெல்லாம் படும்படி.

---

சுண்டைக்காய்

காலை உணவோடு இந்தப் பதிவைப் படித்திருக்கக் கூடாது.

---

மழைக்காகிதம் (சிக்லாப், சிங்கப்பூர்)

எங்களுடையது ஓடு போட்ட பழைய தரைவீடு. குடிவந்த இரண்டாவது வாரம் ராத்திரி 2 மணிக்குக் கூரைக்கு மேலே யாரோ நடக்கிறார்கள். எலி இல்லை. எலி ஓடும், இது நடந்தது. நின்று நின்று நடந்தது. கணவர் வெளியூர். நான் ஆறு வயது மகளைக் கட்டிக்கொண்டு விடிய விடிய உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் இன்னொரு விஷயம் கவனித்தேன். மாடிப்படிப் பக்கம் பாண்டான் இலை (ரம்பை) வாசனை. யாரும் எதுவும் சமைக்கவில்லை. பக்கத்து வீட்டு மலாய் பாட்டியிடம் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு "முசாங்" என்றார். மரநாய்! அதன் உடம்பு வாசனை பாண்டான் மாதிரிதான் இருக்குமாம். பனைமரத்தில் கள்ளுப்பானையில் வாய் வைக்கிறது என்று தாத்தா திட்டுவாரே, அதே மரநாய். கடல் கடந்து வந்து அதன் காலடியில் குடியிருக்கிறேன்.

உடனே பிடித்துக்கொண்டு போகச் சொல்லலாம் என்றுதான் நினைத்தேன். தேசியப் பூங்காக் கழகத்தின் உதவி எண்ணில் பேசியபோது பொறுமையாக விளக்கினார்கள். அனுமதியில்லாமல் நாமாகப் பொறி வைத்துப் பிடிப்பது குற்றம். பிடித்துக்கொண்டு போனாலும் இடம் காலியானது என்று இன்னொன்று வரும். அது வருவது கொல்லையில் பழுத்து விழும் மாம்பழத்துக்கும் எலிக்கும், பகலில் தூங்குவது கூரைக்குள். ஆக, பழத்தை அன்றன்றே பொறுக்குவது, மூடியுள்ள குப்பைத்தொட்டி, கூரையை ஒட்டிய கிளையை வெட்டுவது, ஓட்டுக்கு அடியில் உள்ள ஓட்டையை அடைப்பது. ஆனால் அடைப்பதற்கு முன் உள்ளே குட்டி இல்லை என்று உறுதியாகத் தெரிய வேண்டும். எங்களுக்குக் குட்டி இருந்தது. இரண்டு.

ஆகவே காத்திருந்தோம். பல வாரம். மகள் அவற்றுக்குப் பெயரெல்லாம் வைத்துவிட்டாள். ராத்திரி மேலே சத்தம் கேட்டால் "அம்மா, அது பள்ளிக்கூடம் விட்டு வருகிறது" என்பாள். ஒரு நாள் இரவு மின்கம்பியில் தாய் முன்னே, குட்டிகள் பின்னே என்று வரிசையாகப் போனதைப் பார்த்தோம். அதன் பிறகு வரவில்லை. ஒரு வாரம் பார்த்துவிட்டு ஓட்டையை அடைத்தோம். மகள் மூன்று நாள் என்னோடு பேசவில்லை.

---

நண்டுவளை (டார்வின், ஆஸ்திரேலியா)

இங்கே கழிப்பறையில் தவளை. பச்சை மரத்தவளை, உள்ளங்கை அளவு, சிரித்த முகம். தண்ணீர் ஊற்றினால் விளிம்புக்கடியில் ஒட்டிக்கொள்ளும், அடங்கியதும் திரும்ப வந்து உட்காரும். விருந்தாளிகளுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுவோம்.

எங்கள் தொல்லை வேறு தேரை. 1935இல் கரும்புத் தோட்ட வண்டுகளை ஒழிக்க ஹவாயிலிருந்து குவீன்ஸ்லாந்துக்குக் கொண்டுவந்த கரும்புத் தேரை. வண்டை ஒழிக்கவில்லை, நாட்டின் வடக்கு முழுக்கப் பரவியது. பழையமீசை சொன்ன காகக் கதையும் இதுவும் ஒரே அச்சு. தோளில் உள்ள சுரப்பியில் நஞ்சு. எங்கள் நாய் ஒன்றைக் கவ்விவிட்டு வாயில் நுரையோடு வந்தது. ஈரத்துணியால் ஈறு, நாக்கு எல்லாம் திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டே கால்நடை மருத்துவரிடம் ஓடினோம். குழாயை வாய்க்குள் பீய்ச்சக் கூடாது, நஞ்சு உள்ளே போய்விடும். பிழைத்துவிட்டது. புத்தி வரவில்லை, இன்னும் துரத்துகிறது.

முதலை பற்றிக் கேட்பீர்கள். தெருவில் அலைவதில்லை. ஆனால் 1971இல் வேட்டையைத் தடை செய்தபோது இந்த வட பிரதேசத்தில் சில ஆயிரம்தான் மிச்சம், இன்று ஏறக்குறைய 1,00,000 உவர்நீர் முதலைகள் என்கிறார்கள். அதனால் ஆற்றோரம், கழிமுகம் என்றால் தண்ணீரிலிருந்து 5 மீட்டராவது தள்ளி நிற்க வேண்டும். மீனைக் கரையில் சுத்தம் செய்யக் கூடாது. தினமும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் தூண்டில் போடக் கூடாது. அது கவனித்துக்கொண்டே இருக்கும். அம்மா வந்தபோது "கடற்கரைக்குப் போகலாமா" என்றார். அழைத்துப் போனேன், காலை நனைக்க விடவில்லை. முதலை மட்டும் காரணமில்லை, அக்டோபர் முதல் மே வரை பெட்டி ஜெல்லி மீன் காலம். மணலில் உட்கார்ந்து சூரியன் மறைவதைப் பார்த்துவிட்டு வந்தோம். "இதற்கு மொட்டை மாடியே போதும்" என்றார்.

---

கொய்யாமரம் (சிங்கப்பூர்)

பாம்புக்கு யாரும் ஒன்றும் சொல்லவில்லையே. எங்கள் புளோக் வடிகாலில் மலைப்பாம்பு பார்த்ததாகச் சொல்கிறார்கள். வாசலில் பூண்டு நசுக்கி, உப்புப் போட்டுக் கோடு கிழித்தால் வராது என்று மாமியார் சொல்கிறார். எலிக்கு ஒட்டுப்பலகையும் வாங்கி வைத்திருக்கிறேன், அதில் பாம்பும் மாட்டுமா?

---

பழையமீசை

மாட்டும். பல்லியும் மாட்டும், குருவியும் மாட்டும், உரித்தெடுக்க முடியாமல் அணு அணுவாகச் சாகும். வெளியே வைக்காதீர்கள். பூண்டும் உப்பும் பாம்பை நிறுத்தாது. அவற்றைக் குழம்பில் போடுங்கள்.

மலைப்பாம்பு இருப்பது உண்மைதான். வலைக்கோட்டு மலைப்பாம்பு, உலகத்திலேயே நீளமான பாம்பு, இந்தத் தீவின் சொந்தக் குடி. நஞ்சு கிடையாது. வடிகால் அதற்கு நெடுஞ்சாலை, எலி அதற்குச் சாப்பாடு. வடிகாலுக்குள் போய்க்கொண்டிருந்தால் விட்டுவிடுங்கள். வீட்டுக்குள்ளோ படிக்கட்டிலோ இருந்தால் தள்ளி நின்று ஒரு கண் வைத்தபடி பூங்காக் கழகத்தையோ ஏக்கர்ஸ் விலங்கு நல அமைப்பையோ கூப்பிடுங்கள். பார்வையிலிருந்து விட்டுவிட்டால் வருகிறவர்கள் எங்கே தேடுவார்கள்?

கவனம் வேண்டியது கறுப்பு நாகத்திடம். இங்கேயுள்ள நாகம் நஞ்சைக் கண்ணைப் பார்த்துத் துப்பும். அப்படிப் பட்டுவிட்டால் கசக்காமல், சுத்தமான தண்ணீரால் நிறைய நேரம் கழுவிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். 22 வருடத்தில் நான் இரண்டு தடவைதான் பார்த்திருக்கிறேன். இரண்டு தடவையும் அது என்னைப் பார்த்து ஓடியது.

---

நெறியாளர்

ஒரு பதிவை நீக்கியிருக்கிறேன். குரங்குக்கும் நாய்க்கும் விஷம் வைப்பது பற்றிய "யோசனை" இங்கே வேண்டாம். தொடருங்கள்.

---

பினாங்குக்காரி (பினாங்கு, மலேசியா)

நான் இங்கேயே பிறந்தவள், எனக்கு இது வெளிநாடு இல்லை. ஆனாலும் எழுதலாம் என்று நினைக்கிறேன்.

புதிதாக வருகிறவர்கள் எல்லாக் குரங்கையும் ஒன்றாகப் பார்க்கிறார்கள். எங்கள் பக்கம் கண்ணாடிக் குரங்கு உண்டு. சாம்பல் உடம்பு, கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம், மூக்குக்கண்ணாடி போட்ட வாத்தியார் மாதிரி. இலை தின்னும், கூச்ச சுபாவம், பையைப் பிடுங்காது. குட்டி பிறக்கும்போது பளிச்சென்று ஆரஞ்சு நிறம். சாம்பல் தாயின் மடியில் ஆரஞ்சுக் குட்டியைப் பார்த்தவர் யாரும் ஒரு நிமிடம் வண்டியை நிறுத்தாமல் போனதில்லை.

சாலையைக் கடக்கும்போது அடிபட்டுச் செத்துக்கொண்டிருந்தன. தெலுக் பாஹாங்கில் 2019இல் பழைய தீயணைப்புக் குழாய்களைக் கொண்டு சாலைக்கு மேலே மரத்திலிருந்து மரத்துக்குப் பாலம் கட்டினார்கள். "குரங்கு பாலம் பார்த்தா நடக்கும்?" என்று கடையில் உட்கார்ந்து சிரித்தவர்களில் என் அப்பாவும் ஒருவர். நடக்கின்றன. இப்போது அப்பாவே விருந்தாளிகளைக் கூட்டிப்போய்க் காட்டுகிறார், தானே கட்டிய மாதிரி.

---

கடைசிப்பேருந்து

நீர்நாயை யாரும் சொல்லவில்லையா? சிங்கப்பூரின் செல்லப்பிள்ளை. ஆறுகள் சாக்கடையாகக் கிடந்த காலத்தில் காணாமல் போனவை. 1977இல் தொடங்கிப் பத்து வருடம் ஆற்றைச் சுத்தம் செய்தார்கள், 1998இல் சுங்கை பூலோவில் மறுபடி தலை தெரிந்தது. பிறகு பீஷான் பூங்கா, காலாங் ஆறு என்று குடும்பம் குடும்பமாக ஊருக்குள் வந்துவிட்டன. 2020 ஊரடங்கில் லிட்டில் இந்தியாவில் உள்ள முஸ்தபா கடை வாசலில்கூட ஓடியதை எல்லோரும் படத்தில் பார்த்தோம். பாவம், கடை திறந்திருக்கும் என்று நினைத்திருக்கும்.

எங்கள் மேலாளர் வீட்டுக் குளத்தில் கோய் மீன் வளர்த்தார். ஒன்றொன்றும் என் மாத வாடகை விலை. ஒரு காலையில் பார்த்தால் தலைகள் மட்டும். அலுவலகமே துக்கம் விசாரித்தது. அப்புறம் அவர் வேலி போட்டார். நீர்நாய் இங்கே பாதுகாக்கப்பட்ட விலங்கு, வேறு வழியும் இல்லை. குட்டியோடு இருக்கும்போது மட்டும் பக்கத்தில் போகாதீர்கள். முகம் பார்க்கத்தான் குழந்தை, பல் மீனின் மண்டையை உடைக்கிற பல்.

---

மழைக்காகிதம்

இருவாச்சியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சாங்கியில் தோழி வீட்டு எட்டாவது மாடி பால்கனிக்கு ஜோடியாக வந்து கண்ணாடியில் தன் நிழலைக் கொத்தும். வால்பாறைக்குப் போய் மூன்று நாள் கழுத்து வலிக்க மேலேயே பார்த்து ஒன்றுகூடக் கிடைக்காத எனக்கு, டீ குடித்துக்கொண்டிருக்கும்போது இரண்டடி தூரத்தில். நம் மலைகளில் உள்ள பெரியது இல்லை, சின்ன வகைதான். 19ஆம் நூற்றாண்டிலேயே இந்தத் தீவில் அற்றுப்போய், 1990களில் புலாவ் உபினில் திரும்பவும் கூடு வைத்த பறவை. தோழி பால்கனியில் கூண்டுக்கிளி வைத்திருந்தாள், உள்ளே மாற்றிவிட்டாள். இருவாச்சி பழம் மட்டும் தின்னும் சாது இல்லை.

---

ஆலமரத்தடி

பூவரசு, நான் அன்று கொஞ்சம் சூடாக எழுதிவிட்டேன். ஊரில் பாட்டியிடம் தொலைபேசியில் கேட்டேன். "காக்கை வராத ஊரில் என்ன செய்வது பாட்டி?" என்றேன். "வராத ஊரில் இலையில் வைத்து நினைத்துக்கொண்டு நாமே சாப்பிட வேண்டியதுதான், அவர்களுக்குத் தெரியாதா" என்றார். இதை உங்கள் அம்மாவிடம் சொல்லிப் பாருங்கள். சட்டம், அபராதம் என்று ஆரம்பிக்காதீர்கள், எங்கள் வீட்டில் அது எடுபடவில்லை.

---

பூவரசு

இரண்டு மாதம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும்.

ஆலமரத்தடி, உங்கள் பாட்டி சொன்னதை அப்படியே அம்மாவிடம் சொன்னேன். அம்மா ஒன்றும் பேசவில்லை. மறுநாள் கீழ்வீட்டு ஆன்ட்டி வீட்டுக்கு நானும் அம்மாவும் போனோம். அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது, அவருக்குத் தமிழ் தெரியாது. அவர் வீட்டுக் கூடத்தில் மாமனார் மாமியார் படத்துக்கு முன்னால் ஊதுபத்தியும் ஆரஞ்சுப் பழமும் கிண்ணத்தில் சோறும் வைத்திருந்தார். அம்மா அதையே பார்த்துக்கொண்டு நின்றார். ஆன்ட்டி கையால் படத்தைக் காட்டி, சோற்றைக் காட்டி, பிறகு தன் வாயைக் காட்டினார். படைத்துவிட்டு நாங்களே சாப்பிடுவோம் என்று அர்த்தம்.

இப்போது எங்கள் வீட்டிலும் அப்பா படத்துக்கு முன்னால்தான் முதல் பிடி. பிறகு அதை அம்மாவே சாப்பிடுகிறார். காகங்கள் ஒரு பத்து நாள் ஜன்னலுக்கு வந்து கத்திவிட்டுப் போயின, இப்போது வருவதில்லை. அமாவாசை அன்று மட்டும் அம்மா ஜன்னலருகே கொஞ்ச நேரம் வெறுங்கையோடு நிற்கிறார். நான் எதுவும் கேட்பதில்லை.

குயில் அப்படியே இருக்கிறது. 4:40. ஆனால் அம்மா 4:30க்கே எழுந்து காபி போட்டுவிடுகிறார். எழுந்து உட்கார்ந்து கேட்டால் நன்றாகத்தான் இருக்கிறதாம். நான் இன்னும் தலையணையோடுதான்.

---

சுண்டைக்காய்

உடும்பு?

---

பூவரசு

அதே பாதையில்தான் இருக்கிறது. இப்போது நான் ஓரமாகப் போகிறேன்.